கவ்வாத்துச் சாமி பாறையில் சத்தம் போடக் கூடாது

1

எனக்குச் சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். மணவறையில் வந்தது. நோர்வேயில் வதிவிட அனுமதிக்கான நேர்முகத்தில், பிறந்த வீட்டின் வீதிப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டபோதும் வந்தது. வீதி இல்லை, லயம் என்றேன். லயம் என்றால் என்ன என்றார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள் இருக்கும் என்றேன். அடுக்குமாடியா என்றார். படுத்துக் கிடக்கிற அடுக்குமாடி என்று சொல்ல வந்து, அதை நோர்வேஜிய மொழியில் எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பிறந்தது கண்டிக்கு மேலே ஹந்தானையில். வாழ்வது பேர்கன் நகரத்தில். இங்கே ஒரு பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை. பேர்கனில் மழை நின்றால்தான் செய்தி. மழையென்று பார்க்காமல் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு மாட்டிக் காட்டுக்குக் கூட்டிப் போவோம். எங்கள் தோட்டத்தில் பிள்ளை காட்டுக்குப் போனால் அடி விழும். இங்கே போகாவிட்டால் பெற்றோர் முறைப்பாடு செய்வார்கள்.

போன வாரம் பொறுப்பாளர் மரித் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இங்ரிட் என்ற நாலு வயதுப் பிள்ளையின் தாய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். காட்டுக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. இங்ரிட் அதன் முன்னால் நின்று, ஒரு பச்சைக் கிளையை வைக்காமல் அடுத்த அடி எடுத்து வைக்க மறுக்கிறாள். மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்து வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக மலைக்குப் போன இடத்திலும் தகப்பனைக் கிளை வைக்கச் சொல்லி ஒரே அழுகையாம்.

"இது ஏதாவது மதமா?" என்று மரித் மெதுவாகக் கேட்டார்.

பயத்தோடு சிரிப்பும் வந்தது. பேர்கனில் தமிழர் இல்லாத தெரு இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து வழியிலே கல்லுக்குப் பச்சைக் கிளை ஒடித்துக் குழை வைக்கிற மலையில் இருந்து வந்தவள் நான் ஒருத்திதான். நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்தது. ஒருவேளை என்னை அறியாமல் கை பழக்கத்தில் நானே வைத்திருப்பேனோ? பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு மதம் சொல்லிக்கொடுப்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. திங்கட்கிழமை தாயும் வருவார், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம் என்று மரித் முடித்தார்.

என் கணவர் குகன் யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டுவிட்டுப் பத்திரிகையில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"ஓம், அப்ப திங்கட்கிழமையோட உம்மட வேலை முடிஞ்சுது. ஒரு குழையால போன வேலை உலகத்திலயே உம்மட வேலையாத்தான் இருக்கும்."

2

எங்கள் மலையில் உள்ள ஒரு பாறையைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேலே போக முடியாது.

கண்டி வாவிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடர் ஹந்தானை. கீழே வீடுகள், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே மானாப்புல். தேயிலை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், மலைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிற ஆள் மாதிரி ஒரு பாறை இருக்கிறது. அதுதான் கவ்வாத்துச் சாமி. சிலை இல்லை, மணி இல்லை. கீழே ஒரு சூலம், சூலத்தில் ஒரு சிவப்புத் துணி. அவ்வளவுதான் கோயில்.

கவ்வாத்து என்பது வளர்ந்த தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. சரிவில் கால் ஊன்றி நின்று, வளைந்த கத்தியால் ஒவ்வொரு கொம்பாகத் தன் பக்கம் இழுத்து வெட்ட வேண்டும். கத்தி வழுக்கினால் தேயிலைக்கு ஒன்றும் ஆகாது. வெட்டுகிறவன் காலில்தான் இறங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கவ்வாத்துத் தொடங்கும் நாளில், முதல் செடியில் கத்தி படுமுன், ஆட்கள் எல்லோரும் அந்தப் பாறைக்குப் போவார்கள். கத்திகளை அதன் காலடியில் வைப்பார்கள். சூடம் கொளுத்திச் சேவல் அறுப்பார்கள். பிறகு கத்தியைச் சாமியிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மலையில் இறங்குவார்கள்.

சாமிக்குச் சில ஒழுங்குகள் உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும். போகிற போக்கில் ஒரு பச்சைக் குழையை ஒடித்துக் காலடியில் வைக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்ட பெயரை மலை வைத்துக்கொள்ளும் என்பார்கள். அதனால் அங்கே எல்லோரும் ஏய், இந்தாங்க, வெள்ளச் சட்டை என்றுதான் பேசிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பாறையின் உச்சியில் ஏறக் கூடாது. உச்சி சாமியின் தலை. விறகுக்கும் தேனுக்கும் அந்தப் பக்கம் போகிற சிங்கள ஊர்க்காரர்களும் கிளை ஒடித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் சாமிக்கு வேறு பெயர் சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

ஒரு வருடம் நாள் பிந்திவிட்டது என்று பூசையைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்களை இறக்கினார்கள். அன்றைக்குத்தான் கவ்வாத்து ஆட்களில் மூத்தவரான ராமையா அண்ணனின் முழங்காலில் கத்தி இறங்கியது. இன்றைக்கும் அவர் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். சாமிதான் செய்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூசை நடக்காத நாளில் எல்லோருடைய கையும் நடுங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நடுங்குகிற கையில் கூரான கத்தி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயமில்லாமல் வேலையில் இறங்க அந்த மனிதர்களுக்கு அந்தப் பாறை வேண்டும்.

இப்போது அந்தப் பாறைக்கு இணையத்தில் இன்னொரு பெயர், அதுவும் ஆங்கிலத்தில். உச்சியில் நின்று கையை விரித்தால் பின்னால் மேகமும் கீழே கண்டியும் விழும். அந்தப் படத்துக்காக நாடெங்கும் இருந்து பிள்ளைகள் ஏறுகிறார்கள். வெற்றுப் போத்தலும் பிஸ்கட் உறையும் சூலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். என் தம்பி மோகன் வாராவாரம் சாக்கோடு போய்ப் பொறுக்கி வருவான்.

3

மோகனைப் பேர்கனுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விசா கிடைக்கவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவதற்கு வலுவான காரணம் காட்டவில்லையாம். காணி இருக்கா, வங்கியில் பணம் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு பாற இருக்குன்னு சொல்லலாமான்னு பாத்தேன் அக்கா, அப்புறம் பயித்தியம்னு நெனைப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்று போனில் சிரித்தான். அவன் வர முடியாததால் போன வருடம் நாங்கள் போனோம்.

மகள் நிலானிக்கு அப்போது பதினைந்து வயது. அவளுடைய தமிழ் தகப்பனுடைய தமிழ். என் பேச்சைக் கேட்டால் "அம்மா, நீங்கள் ஏன் வாங்கோ போங்கோ எண்டு சொல்லாம வாங்க போங்க எண்டு சொல்றீங்கள்?" என்பாள். அந்தத் தமிழும் வீட்டு வாசலோடு சரி, வாசலைத் தாண்டினால் நோர்வேஜியம். பயணம் போய் வந்த பிறகு, இந்த வருடம், பள்ளிக்கூட வேலைப்பயிற்சிக்கு ஒரு வாரம் எங்கள் பாலர் பாடசாலைக்கே வந்தபோதுகூட, என்னோடு ஒரே பஸ்ஸில் வராமல் அடுத்த பஸ்ஸில் வந்தவள் அவள். இலங்கைப் பயணத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பாறை உச்சியில் நின்று ஒரு படம். எங்கேயோ அதைப் பார்த்திருக்கிறாள். அது தன் மாமாவின் சாமி என்று அவளுக்குத் தெரியாது.

"அதில ஏறக் கூடாது" என்றேன்.

"எல்லாரும் ஏறுகினம்."

"எல்லாரும் எங்க ஆளு இல்ல."

"நானும் உங்கட ஆள் இல்லையே அம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

குகனுக்கு வேறு பிரச்சினை. பேர்கனில் பெரிய விலை கொடுத்து மலையேறும் சப்பாத்து வாங்கியிருந்தார். பனை மரத்துக்கு மேலே உயரம் பார்க்காத ஊர்க்காரர். கண்டி மார்க்கெட்டில் இருந்து ஆட்டோ ஹந்தானைக்கு ஏறத் தொடங்கியதுமே கண்ணை மூடியவர், லயத்து வாசலில்தான் திறந்தார். அன்று பின்னேரமே அட்டை கடித்தது. அந்தச் சப்பாத்துக்குள் அட்டை எப்படிப் போனது என்று அவர் இரவு முழுக்க ஆராய்ச்சி செய்தார்.

நாங்கள் போன நேரம் நல்ல நேரம். மோகன் கவ்வாத்து ஆட்களை நடத்தும் கங்காணியாகி வருகிற முதல் கவ்வாத்து. மறுநாள் காலையில் பூசை. வெயில் பாறையின் முகத்தில் விழுவதற்குள் முடித்துவிட வேண்டும். விழுந்துவிட்டால் அன்றைக்கு இல்லை. பூசை இல்லாமல் ராமையா அண்ணன் கத்தியைத் தொட மாட்டார். அவர் தொடாவிட்டால் வேறு யாரும் தொட மாட்டார்கள். முதல் நாளே ஆட்களை மலையில் இறக்கத் தெரியாத கங்காணி என்று தோட்டத்து ஆபீசில் பெயர் விழும். மோகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"நாளைக்கு மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா போதும் அக்கா. இங்க யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்கமாட்டாங்க. முதல் நாள் சரியா நடந்திச்சின்னா, அதுக்கப்புறம் கங்காணின்னு கூப்புடுவாங்க" என்றான்.

4

விடியும்போதே ஏறினோம். முன்னால் மோகன், பின்னால் கவ்வாத்து ஆட்கள், கையில் கத்திகள். ராமையா அண்ணனின் கக்கத்தில் சேவல். சேவல் நல்ல கறுப்பும் சிவப்பும், பெரிய கொண்டை. கடைசியில் குகன், ஒவ்வொரு அடிக்கும் நின்று கால்சட்டையில் அட்டை பார்த்துக்கொண்டு.

பாறைக்குக் கீழே வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். குகன் சப்பாத்து நாடாவோடு போராடினார். பேச்சு நின்றது. மோகன் அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாமியின் தலையில் ஒரு கூடாரம் இருந்தது. ஆரஞ்சு நிறம். உள்ளே இருந்து குறட்டைச் சத்தம் வேறு.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூப்பிட்டு எழுப்பலாம் என்றால் சத்தம் போடக் கூடாது. போய்த் தட்டி எழுப்பலாம் என்றால் ஏறக் கூடாது. பின்பக்கச் சரிவால் போகலாம் என்றால் அது சாமியின் முதுகு. கையில் கத்தி வைத்திருக்கிற ஒரு பெரிய கூட்டம், ஒரு குறட்டைக்கு முன்னால் கைகட்டி நின்றது. கிழக்கே மலைக்குப் பின்னால் வெளுத்துக்கொண்டு வந்தது.

குகன் என் காதருகே வந்தார்.

"உதுக்குள்ள ஆரோ நல்ல நித்திரை. ஒரு சின்னக் கல்லை எடுத்து எறிஞ்சா எழும்பிவிடுவினமே."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. அத்தனை தலையும் திரும்பி அவரைப் பார்த்தன. சாமி தலையில் கல்லெறியச் சொன்ன மருமகன். குகன் என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

எனக்கு அங்கேதான் தொடங்கியது. வயிற்றில் இருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் முந்தானையை வாயில் திணித்தேன். தோள் குலுங்கியது. மோகன் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான்.

"சிரிக்காதீங்க அக்கா" என்று மூச்சுக்காற்றில் சொன்னான். "எனக்கும் வந்துரும்."

வந்துவிட்டது. அவன் முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து வாயில் வைத்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர். அவரைப் பார்த்து அடுத்தவர். சட்டை நுனி, துண்டு, தலைப்பாகை என்று கிடைத்ததையெல்லாம் வாயில் அடைத்துக்கொண்டு ஒரு கூட்டமே சத்தமில்லாமல் குலுங்கியது. ராமையா அண்ணன் மட்டும் கல் மாதிரி நின்றார். நான் அவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவருடைய மீசை நடுங்கியது. சேவலை இடது கக்கத்துக்கு மாற்றிவிட்டு, வலது கையால் சிவப்பு லேஞ்சியை எடுத்து ஒழுங்காக மடித்து, மரியாதையாக வாயில் வைத்தார். அதோடு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நிலானி மட்டும் சிரிக்கவில்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த நேரத்திலும் போனா என்று முறைத்தேன். அவள் நிமிர்ந்து, நல்ல பிள்ளையாக என் காதில் சொன்னாள்.

"அம்மா, அவை நேற்றுப் பின்னேரமே இந்தக் கூடாரத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கினம். கண்டுபிடிச்சிட்டன். மெசேஜ் போட்டனான்."

"என்னன்னு போட்ட?"

காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: தயவு செய்து சத்தம் போடாமல் கீழே வாருங்கள். சப்பாத்தைக் கழற்றிவிடுங்கள். உங்களுக்காகக் கீழே நிறையப் பேர் கத்திகளோடு காத்திருக்கிறார்கள். வெயில் வருவதற்குள் பலி கொடுக்க வேண்டும்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் வாயில் இருந்த முந்தானையை எடுக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவளைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சேவல் கூவியது. ராமையா அண்ணன் ஒரு கையால்தானே பிடித்திருந்தார். கழுத்தை நீட்டி, மலையெல்லாம் கேட்கக் கூவியது. சாமியின் ஒழுங்கு சேவலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

குறட்டை நின்றது. கூடாரத்துக்குள் ஒரு போன் வெளிச்சம் தெரிந்தது. பிறகு கூடாரத்தின் வாய் மெதுவாகத் திறந்து, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் தலை வெளியே வந்தது. கீழே பார்த்தது. மூடுபனிக்குள் வளைந்த கத்திகளோடு ஒரு கூட்டம், வாயெல்லாம் துணியால் கட்டினது போல அடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறது. தலை உள்ளே போனது. கூடாரத்தின் வாய் மூடிக்கொண்டது. உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

5

சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நிலானியின் முகம் வெளிறியது. தான் எழுதியது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் பயப்படுத்த எழுதேல்ல" என்றாள். "மாமாட பூசை நடக்கோணும் எண்டுதான்."

எதிர்மலையின் நுனியில் வெயில் விழுந்துவிட்டது. அது எங்கள் பக்கம் வர அதிக நேரம் எடுக்காது. கூடாரம் அசையவில்லை. கத்தியோடு நிற்கிற கூட்டத்திடம் யார்தான் இறங்கி வருவார்கள்?

மோகன் ராமையா அண்ணனைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். மோகன் ஒரு குழையை ஒடித்துக்கொண்டு போய்ப் பாறையின் காலடியில் வைத்தான். பிறகு தன் கத்தியைக் குழைமேல் வைத்து, இரண்டு அடி பின்னால் வந்து, வெறுங்கையைக் கூப்பி நின்றான். அவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பூசையில் முதலாவதாகச் செய்ய வேண்டியதே அதுதான். அடுத்து ராமையா அண்ணன். அடுத்து ஒவ்வொருவராக. கத்திகள் எல்லாம் சாமியின் காலடியில் குவிந்தன. இங்கே கையில் கத்தி உள்ளவர் யாரும் இல்லை என்பது மேலே இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

கூடாரம் திறந்தது. முதலில் கண்ணாடிப் பெண், பின்னால் இரண்டு பையன்கள். கொழும்பில் படிக்கிற சிங்களப் பிள்ளைகள். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கச் சரிவால் சறுக்கிச் சறுக்கி வந்தார்கள். மோகன் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பயப்பட வேண்டாம் என்றான். இது எங்கள் சாமி, இன்றைக்கு எங்களுக்கு வேலை தொடங்குகிற நாள், நீங்கள் படுத்திருந்தது அதன் தலை என்றான். அதட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கன்னமெல்லாம் கண்ணீர். எங்களுக்குத் தெரியாது, ஒரு பலகைகூட இல்லையே என்றாள்.

உண்மைதான். அங்கே பலகை இல்லை. சாமி இருக்கிற இடத்தில் சாமி இருக்கிறது என்று எழுதிவைக்க எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் சூலம் இருந்தது. சிவப்புத் துணி இருந்தது. வாடின குழைகள் குவியலாகக் கிடந்தன. யாரோ மரியாதையாக நடந்துகொள்கிற இடம் என்று தெரிய அவ்வளவு போதும். போகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். வராதீர்கள் என்று சொல்ல நான் யார்? நானே இப்போது விருந்தாளியாக வந்து போகிறவள். வாருங்கள், மேகத்தைப் பாருங்கள், கண்டியைப் பாருங்கள், கீழே நின்று பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் படம் எடுத்துவிட்டுப் போன பிறகும் அந்த மனிதர்கள் அங்கேதான் கத்தி பிடிக்க வேண்டும்.

நிலானி அந்தப் பெண்ணிடம் போய் மெசேஜ் போட்டது தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் நிலானியைப் பார்த்தாள், சேவலைப் பார்த்தாள், பலி கொடுக்கப்போவது யாரை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலானியும் பொத்திக்கொண்டாள். சத்தம் போடக் கூடாது என்று நிலானி சைகை காட்டி, தன் தொப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் முறைவைத்து அந்தத் தொப்பியைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

சூடம் கொளுத்தினார்கள். சேவலை அறுக்க வேண்டிய நேரம் வந்தது. ராமையா அண்ணன் அதைத் தரையில் விட்டார்.

"சாமி வேலைய இது செஞ்சிருச்சி" என்றார். "இனி இத அறுக்க ஏலாது. நேந்து விட்டுருவோம்."

சேவல் பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கத்திக் குவியலைக் கொத்திப் பார்த்தது. பதிலுக்கு ஒரு நீத்துப் பூசணி வெட்டினார்கள். மூன்று கொழும்புப் பிள்ளைகளும் ஆளுக்கொரு குழை வைத்தார்கள். மோகன் கத்தியைத் திரும்ப எடுத்த பிறகுதான் வெயில் பாறையின் முகத்தில் விழுந்தது. ராமையா அண்ணன் தன் கத்தியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "போவமா கங்காணி?" என்று கேட்டார். என் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தான்.

நிலானி படம் எடுக்கவில்லை. கீழே இறங்கும்போது காதில் மாட்டியதைக் கழற்றவும் இல்லை. அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேர்கனுக்கு வந்த பிறகும் பேசவில்லை. அவளுக்கு அது ஒரு சங்கடமான விடுமுறைக் காலை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வலித்தது.

6

திங்கட்கிழமை வந்தது. என்ன சொல்வது என்று நோர்வேஜிய மொழியில் பாடமாக்கி வைத்திருந்தேன். இது மதம் இல்லை. ஒருவர் இருக்கிற இடத்துக்குள் போகுமுன் கதவைத் தட்டுவது போல ஒன்று. அங்கே கதவு இல்லாததால் கிளை வைக்கிறோம். மூன்று வசனம். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

இங்ரிட்டின் தாய் மழைக்கோட்டோடு வந்தார். இங்ரிட்டும் வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் தாய் சொன்னார்.

"நான் முறைப்பாடு சொல்ல வரவில்லை. காய்ந்த கிளையை வைத்தது தப்பு என்று தகப்பனோடு இவள் பேசவில்லை. சரியாக எப்படிச் செய்வது என்று கேட்கத்தான் வந்தேன்."

மரித் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்றேன். அப்படியென்றால் இங்ரிட்டே காட்டட்டும் என்று நான்கு பேரும் மழையில் இறங்கி அந்தக் கல்லுக்குப் போனோம். சாதாரணக் கல். பாசி பிடித்தது. அதன் காலடியில் பச்சைக் கிளைகள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றது.

இங்ரிட் உட்கார்ந்து, சேற்றிலேயே சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு பச்சைக் கிளையை வைத்தாள். விரலை உதட்டில் வைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். தாய் தன்னை மறந்து "இங்ரிட்" என்று கூப்பிட, அவள் பயந்துபோய்த் தலையை ஆட்டினாள். பிறகு கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மரியாதையாகத் தன் வாயில் திணித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"அது எதற்கு?" என்று மரித் குசுகுசுத்தார்.

இங்ரிட் தொப்பியை எடுத்தாள். "சிரிப்பு வந்தால் இப்படித்தான் செய்யணும். அதுதான் சட்டம்."

எந்தச் சாமியும் அப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. அந்தக் காலையில், அந்தப் பாறைக்குக் கீழே நின்றவர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரிய வழியில்லை.

"யார் உனக்குச் சொல்லித் தந்தது?" என்றேன்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இங்கே பெயர் சொல்லக் கூடாது என்று கையை ஆட்டினாள். தாய் கேட்டார். மரித் கேட்டார். சொல்லவே இல்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, பாலர் பாடசாலை வாசல் படலை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். படலையைத் தாண்டியதும் திரும்பி, காடு கேட்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"நிலானி."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது சிரிப்பு மட்டும் இல்லை. நான் பாடமாக்கிய மூன்று வசனமும் போய்விட்டது. கழுத்துத் துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, படலையைப் பிடித்தபடி மழையில் நின்றேன். மரித் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினார்.